உள்ளே ஒருவர்

பலகையில் ‘உள்ளே: 1’ என்று இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காக்களூர் எஸ்டேட்டின் கடைசித் தெருவில் இருந்த அந்தப் பவுடர் கோட்டிங் கம்பெனிக்கு விடுமுறை. ஷெட்டில் ஈ காக்கை இல்லை. பவுடர் அடிக்கும் துப்பாக்கிகள் ஆணிகளில் தொங்கின, ட்ராலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன, தகரக் கூரையின் மேல் மத்தியானம் பிடித்த மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஓவன் கதவுக்கு மேலே மாட்டியிருந்த சிவப்பு எழுத்துப் பலகை, உள்ளே ஒருவர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மெஹர்னிசா குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு அதை நிமிர்ந்து பார்த்தாள். பலகைக்கு எண் அனுப்பும் ப்ரோக்ராம் அவள் எழுதியது. இரண்டு வருடங்களாக ஓடுகிறது. அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, மனிதர்கள்தான் அதற்குப் பொய் சொல்வார்கள் என்பது அவள் கட்சி.

ஓவன் என்றால் ரொட்டி சுடும் ஓவன் இல்லை. ஒரு மினி வேனை அப்படியே உள்ளே நிறுத்தலாம். கரெண்ட் பேனல் பெட்டிகளின் மேல் சாம்பல் நிறப் பவுடரை அடித்து, கொக்கிகளில் தொங்கவிட்டு உள்ளே தள்ளுவார்கள். இருநூறு டிகிரி, இருபது நிமிடம். மாவு மாதிரி ஒட்டியிருக்கும் பவுடர் உருகிப் பளபளவென்று தோலாகிவிடும். ஒரு லோடு முடிந்து அடுத்த லோடு போவதற்குள் ஆட்கள் உள்ளே போய் விழுந்த கொக்கிகளைப் பொறுக்குவார்கள், தரையைக் கூட்டுவார்கள். போகும்போது கதவோரம் இருக்கும் பெட்டியில் கார்டைக் காட்ட வேண்டும். பெயர் பட்டியலில் ஏறும். வரும்போது மறுபடி காட்டினால் பெயர் இறங்கும். பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தாலும் ஓவன் பற்றாது.

ஆனால் வெளியே வரும்போது யார் கார்டு காட்டுகிறார்கள்? இரண்டு கையிலும் கொக்கித் தட்டு, நெற்றியில் வியர்வை, டீ வண்டி வந்துவிட்ட சத்தம். ஆள் வெளியே வந்துவிடுவான், பெயர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உடனே மெஹருக்கு போன். பஸ்ஸில் இருந்தாலும் போன், பழவேற்காட்டில் மாமா மகள் நிக்காஹ்வில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாலும் போன். அந்தப் பட்டியலை யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டி வைத்தவளும் அவள்தான். ப்ரோக்ராமை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் பெயர் போகும். அதற்கு இருபது நிமிடம் ஆகும்.

வாரத்துக்குப் பத்து போன் வந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஒரு நாள் எரிச்சலில் அவள் மேனேஜரின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டன் செய்து கொடுத்தாள்.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம் தன்னையே திரும்பிப் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ரிஃப்ளெக்‌ஷன் என்பார்கள். தனக்குள் என்னென்ன பட்டியல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்னென்ன கட்டங்கள், அவற்றின் பெயர் என்ன என்று அது தன்னையே கேட்டுக்கொள்ளும். தொடக் கூடாது என்று பூட்டி வைத்த கட்டத்தையும், ஓட்டம் நிற்காமலேயே திறந்து மாற்றிவிடும். வாசலில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுவது போலத்தான். தெரிந்துதான் செய்தாள். ‘சரி செய்’ என்று பட்டனுக்குப் பெயர் வைத்தாள். அழுத்தினால் பட்டியல் காலி. அதன் பிறகு அவளுக்கு போன் வரவில்லை. நிம்மதியாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

இன்று காலைதான் பல மாதம் கழித்து மேனேஜர் சந்திரமோகன் கூப்பிட்டார்.

“மேடம், பட்டன் அழுத்துனா ஜீரோ ஆவுது. ஓவனும் ஸ்டார்ட் ஆவுது. அஞ்சே செகண்டுல மறுபடியும் ஒண்ணு வந்து நின்னுபுடுது. காலைலேர்ந்து நாலு வாட்டி பாத்துட்டேன். நாளைக்கு கஸ்டமர் ஆடிட்டு, ஒரே பேஜாரா இருக்கு. நீங்க வந்து அத்த எடுத்துட்டுப் போயிடுங்க. நான் திருப்பாச்சூர்ல கழனிக்கு வந்துகினு இருக்கேன், நாலு மணிக்கா வந்துர்றேன்.”

அப்படித்தான் வந்தாள். வந்தவளைக் கேட்டிலேயே ஒரு பெண் நிறுத்தினாள். நாற்பது வயது இருக்கும். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையிலேயே நின்றிருந்தாள்.

“மேடம், உள்ளயா போற? எங்க ஊட்டுக்காரரு இங்கதான் ஓவன்ல வேல செஞ்சிகினு இருந்தாரு. லோகுன்னு பேரு. ஆகஸ்ட்டு மாசத்துலேர்ந்து ஊட்டுக்கு வர்ல. சூளூர்பேட்ட பக்கம் எவளையோ இட்டுக்கினு ஓடிட்டாருன்றாங்க. செருப்பு போடாத யாராச்சும் ஓடுவாங்களா மேடம்? செருப்பு இன்னும் உள்ள ராக்குலதான் கீதாம். அத்த மட்டுமாவது எட்தாந்து குடு.”

செக்யூரிட்டி சாலமோன் குடையோடு ஓடி வந்தார். “அஞ்சம்மா, வாராவாரம் வந்து என் வேலைக்கு உல வெக்காத, போம்மா.” அவர் சத்தம் போட்டாரே தவிர அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

மெஹர் இரும்புப் படி ஏறி மேலே இருந்த மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் ஷெட் முழுவதும் தெரியும். மழை இருட்டில் ஓவன் மட்டும் கறுப்பாக, பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதன் பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. சந்திரமோகன் காலையில் முயற்சி செய்துவிட்டு ஸ்விட்சை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பட்டியல் காலியானால் போதும், பற்றிக்கொள்ளக் காத்திருந்தது.

கம்ப்யூட்டரைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டியலில் ஒரே ஒரு பதிவு. நான்கு கட்டங்கள்.

பெயர்: லோகு.

கார்டு: 117.

உள்ளே வந்த நேரம்: ஆகஸ்ட் 14, மாலை 6:42.

வெளியே போன நேரம் காலியாக இருந்தது.

கேட்டில் நின்றவளின் குரல் இன்னும் காதில் இருந்தது. மெஹர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு முந்தைய பதிவு இப்போது எப்படி வரும்? அன்றைக்கே யாரோ அழித்திருக்க வேண்டுமே. பட்டனை யார் எப்போது அழுத்தினாலும் அது ஒரு மூலையில் எழுதிக்கொள்ளும்படி செய்திருந்தாள். அதைத் தேடினாள்.

ஆகஸ்ட் 14, மாலை 6:55. ‘சரி செய்’ அழுத்தப்பட்டது.

பதிமூன்று நிமிடம். மறுநாள் சுதந்திர தின விடுமுறை. அதற்குள் லோடு ஏற்றி அனுப்பும் அவசரம். பட்டியலில் ஒரு பெயர் மாட்டியிருக்கிறது, வழக்கம்போல எவனோ கார்டு காட்டாமல் டீ குடிக்கப் போயிருப்பான். பட்டன் இருக்கிறது. அழுத்து.

பட்டன் இல்லாமல் இருந்தால் அன்று அவளுக்கு போன் வந்திருக்கும். இருபது நிமிடம் ஆகியிருக்கும். இருபது நிமிடத்தில் ஒரு மனிதன் கொக்கி பொறுக்கி முடித்து வெளியே வந்திருப்பான்.

அழ வேண்டும் போல இருந்தது, அதைவிட யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. முதலில் தன்னை.

ஒருவேளை கண் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று திரையை ஒரு தரம் புதுப்பித்தாள். இந்த முறை ஐந்து கட்டங்கள் இருந்தன.

அவள் எழுதியது நான்கு. நான்கேதான், அதில் சந்தேகமே இல்லை. அதோடு அவள் எல்லாக் கட்டங்களுக்கும் ஆங்கிலத்தில்தான் பெயர் வைப்பாள், திரையில் தெரியும்போதுதான் தமிழாகும். ஐந்தாவது கட்டத்துக்கு உள்ளுக்குள்ளேயே தமிழில் பெயர் இருந்தது. வெப்பம். அதன் எதிரில் 58.

மறுபடி புதுப்பித்தாள். 71. மறுபடி. 96. கீழே ஓவன் அணைந்து கிடந்தது. அதன் பேனலில் இருந்த வெப்பமானி இருபத்தேழு என்று காட்டியது, இங்கிருந்தே தெரிந்தது. மழைக்காற்று ஜன்னல் இடுக்கு வழியாகச் சில்லென்று வந்தது. அந்தச் சில்லிப்புக்குள் ஒரு வாசனை கலந்திருந்தது. சூடான பவுடரின் வாசனை, பிளாஸ்டிக் பையை அடுப்பில் போட்டது போன்ற அந்த வாசனை, அதற்கு அடியில் இன்னொன்று. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு மீன் கருகினால் தெரியும், கறி கருகினாலும் தெரியும். இது இரண்டும் இல்லை.

ஆறாவது கட்டம். தட்டியது: 212.

அவள் புதுப்பிக்கவில்லை. அது தானாக மாறியது. 213. மாறிய அதே நொடியில் கீழே இருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மழை என்று நினைத்தாள். கூரையில் மரக்கிளை விழுந்திருக்கும். 214. டொம். கனமான தகட்டை உள்ளங்கையால் உள்ளிருந்து அடிக்கும் சத்தம். 215. டொம். கொஞ்சம் மெதுவாக. 216.

ஏழாவது கட்டம். கூப்பிட்டது: அஞ்சம்மா.

“யா அல்லாஹ்,” என்றாள் வாய்விட்டு. ஓடிவிடலாம். குடை கீழே இருக்கிறது, பரவாயில்லை, நனைந்துகொண்டே ஓடலாம், ஸ்டேஷனுக்குப் போய் முதலில் வரும் வண்டியில் ஏறிவிடலாம். அப்புறம்? வாராவாரம் ஒருத்தி சாக்கு போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பாள். இவள் வேறு ஊரில் உட்கார்ந்து வேறு யாருக்காவது பட்டன் செய்து கொடுப்பாள்.

பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குத் தலையாட்ட அவளுக்கு இஷ்டமில்லை. செல்போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

படியின் கடைசியில் செருப்பு ராக். எல்லாத் தட்டும் காலி, கீழ்த்தட்டில் மட்டும் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. மேலே சாம்பல் தூசு ஏறியிருந்தது. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

ஓவன் கதவின் முன் போய் நின்றாள். டொம் என்ற சத்தம் நின்றுவிட்டது. அது நின்றதுதான் இன்னும் மோசமாக இருந்தது. உள்ளே இருப்பது எதுவானாலும் அவள் வந்ததைத் தெரிந்துகொண்டுவிட்டது. தாழ்ப்பாளை நெம்பினாள். கதவு ஜில்லென்று இருந்தது. திறந்தது.

உள்ளே யாருமில்லை. வெறும் இரும்புச் சுவர்கள், கூரையில் கொக்கித் தண்டவாளம், மூலையில் இரண்டு கொக்கிகள். டார்ச்சைத் திருப்பினாள். கதவின் உள்பக்கம் தள்ளித் திறக்க ஒரு கம்பி இருக்க வேண்டும், சட்டம் அது. கம்பி இருந்தது, துருப்பிடித்து ஓர் அங்குலம் கூட அசையவில்லை. அதற்குக் கீழே, இடுப்பு உயரத்திலிருந்து தரை வரை, ஒரு புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். மற்றச் சுவரெல்லாம் வருடக்கணக்கில் கறுத்துப் போயிருக்க, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. ஒரு மூலையில் ரிவெட் சரியாக உட்காரவில்லை. அந்த இடுக்கில் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். பழைய தகட்டில் சாம்பல் நிறத்தில் ஐந்து விரல்கள். பவுடர் ஒட்டிய கை. கையின் அச்சு அப்படியே உருகிப் பளபளவென்று ஏறியிருந்தது.

போட்டோ எடுத்தாள். இடுக்கு குறுகலாக இருந்ததால் நான்கு தரம் எடுக்க வேண்டியிருந்தது.

மேலே ஓடிப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எஸ்டேட் முனையிலேயே இருந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் அவசர முகவரிக்கு ஒரு மெயில் எழுதினாள். பதிவு, பட்டன் அழுத்திய நேரம், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்தாள். கடைசி வரியில், ‘அந்தப் பட்டனைச் செய்து கொடுத்தது நான்தான்’ என்று எழுதிவிட்டு ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். அழிக்கவில்லை. அனுப்பினாள்.

அனுப்பி முடித்தபோது கீழே பைக் சத்தம் கேட்டது. இரும்புப் படி அதிர்ந்தது. சந்திரமோகன் கதவைத் தட்டினார். அவள் தாழை எடுத்தாள். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, கழனிச் சேறு ஒட்டிய காலோடு உள்ளே வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் தன் கையால் பொரி கட்டிக் கொடுப்பார்.

“ஆச்சா மேடம்? இன்னும் ஒண்ணுதான் காட்டிகினு இருக்குது?”

“அது யாரு பேருன்னு பாத்தீங்களா சார்?”

“யாரோ பழைய பையன். கார்டு காட்டாம போயிருப்பான்.”

“ஆறு நாப்பத்திரண்டுக்கு உள்ள போனாரு. நீங்க ஆறு அம்பத்தஞ்சுக்கு அழுத்துனீங்க. கதவுல புதுத் தகடு எதுக்கு சார்?”

அவர் ரெயின்கோட்டின் பட்டன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது பட்டனில் கை நின்றது.

“எப்பவும் அப்படித்தாம்மா,” என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. “பேரு உள்ள மாட்டிகினு இருக்கும், ஆளு வெளிய பீடி புடிச்சுகினு இருப்பான். நூறு வாட்டி அப்படித்தான். அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். தொங்கற பெட்டிங்களோட கடைசி வரிசைக்குப் பின்னாடி குந்திகினு இருந்திருக்கான். மெஷின் சத்தத்துல எதுவும் கேக்கல. நான் வேணும்னா பண்ணேன்?”

“வேணும்னு பண்ணல. வேணும்னு மறைச்சீங்க. அவரு எங்க சார்?”

அவர் கண் ஒரு நொடி கண்ணாடிக்கு அப்பால், ஷெட்டின் பின்பக்கம் புதிதாக சிமென்ட் போட்ட தரைக்குப் போய்த் திரும்பியது.

“நாப்பது குடும்பம் இந்த கம்பெனிய நம்பிகினு இருக்குது. போனவன் போயிட்டான். நீயும் இதுல இருக்க, மறந்துடாத. பட்டன் உன்னுது. இப்ப அந்தப் பேர எடு. எட்துட்டு ஊட்டுக்குப் போ.”

“எடுக்க மாட்டேன்.”

“இன்னா?”

“ஒரு வாட்டி எடுத்தது போதும். அந்தப் பேரு அங்கயே இருக்கட்டும். நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவங்களும் பாக்கட்டும், கேட்டுல நிக்கறவங்களும் வந்து பாக்கட்டும். மெயில் போயிடுச்சு சார். என் பேரும் அதுல இருக்கு.”

குரல் ஆடவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சந்திரமோகனின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் தோளுக்கு மேலே திரையைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

கீழே பலகையில் எண் மாறியிருந்தது. உள்ளே: 2.

அவள் திரும்பினாள். லோகுவின் பதிவுக்குக் கீழே இன்னொன்று.

பெயர்: சந்திரமோகன்.

உள்ளே வந்த நேரம்: மாலை 4:26.

வெளியே போன நேரம்: காலி.

வெப்பம்: 31.

சுவர்க் கடிகாரத்திலும் மணி நாலு இருபத்தாறு.

“இன்னா விளையாட்டு இது?” என்றார். “நீதான போட்ட?”

“நான் கையே வெக்கல சார்.” அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். 44. அவள் கை காற்றில் இருக்கும்போதே எண் ஏறியது. 52.

அவர் சட்டைக் கையைத் தட்டினார். ஈர ரெயின்கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார், சட்டை காய்ந்துதான் இருந்தது. அதன் மேல் மெல்லியதாகச் சாம்பல் தூசு படிந்திருந்தது. தட்டத் தட்ட அது பறந்து, பறந்த வேகத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. இரும்பில் பவுடர் ஒட்டுமே, அதே ஒட்டு. மேசையில் ஒட்டவில்லை. மெஹரின் கையில் ஒட்டவில்லை. அறையில் அவர் ஒருவர் மேல்தான் இறங்கியது.

“சூடா இருக்குது,” என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. “மேடம், ஏசி போடுங்க. சூடா இருக்குது.” 79. நெற்றியில் வியர்வை வந்தது. அதன் மேலும் தூசு இறங்கியது. “என் பேர எடும்மா. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன். என் பேர மட்டும் எடு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கெஞ்சினார். அவளுக்குப் பயத்தோடு இரக்கமும் வந்தது, அந்த இரக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுட்டியில் கை வைத்தாள். சந்திரமோகன் என்ற பதிவைத் தொட்டுத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. எத்தனையோ தடவை எந்தப் பூட்டையும் பொருட்படுத்தாமல் திறந்த அதே வழி. இப்போது அனுமதி இல்லை என்றது. மறுபடி முயன்றாள். அனுமதி இல்லை.

“வர்ல சார். தனியா எடுக்க விடல.”

“பட்டன்,” என்றார். “பட்டன் இருக்குதே.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “வேணாம். சார், பட்டன் ரெண்டு பேரையும் சேத்து எடுத்துரும். லிஸ்ட்டு காலியாச்சுன்னா ஓவன் ஸ்டார்ட் ஆயிரும். லோகு பேரு அங்க இருக்கறதாலதான் அது இன்னும் ஸ்டார்ட் ஆகாம நிக்குது. அவருதான் உங்களக் காப்பாத்திக்கினு இருக்காரு. தொடாதீங்க. கேட்டுக்குப் போலாம் வாங்க, அவங்க ஊட்டம்மாகிட்ட உள்ளத சொல்லுங்க. சொல்லிப் பாருங்க சார்.”

ஒரு கணம் அவர் கேட்டுவிடுவார் போல இருந்தது. ஜன்னல் வழியே கேட்டைக்கூடப் பார்த்தார். மழையில் ஒரு சாக்கு அசையாமல் நின்றிருந்தது.

“அவகிட்டயா?” என்றார். “அவகிட்ட நான் இன்னாத்த சொல்றது?”

மெஹர் அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். சட்டைக் கை சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். அதற்குள் அவர் அழுத்திவிட்டார்.

உள்ளே: 0.

கீழே ஓவனின் காற்றாடி ஒரு முறை இருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

ஐந்து நொடியில் ஒன்று வரும். காலையிலிருந்து நாலு தடவை வந்திருக்கிறது. வரும். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

வரவில்லை.

“லோகு,” என்றாள் பலகையைப் பார்த்து. யாரிடம் கெஞ்சுகிறோம் என்றே தெரியவில்லை. “வாங்க. திரும்ப வாங்க.”

வரவில்லை. அவன் போய்விட்டான். மூன்று மாதம் கழித்து, இப்போதுதான் வெளியே போய்விட்டான்.

அவள் படியில் இறங்கி ஓடினாள். விழுந்தாள். முட்டி கிழிந்தது. எழுந்து ஓடினாள். ஓவனுக்கு உள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை, அது காலியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மெயின் ஸ்விட்ச் சுவரில் ஆள் உயரத்தில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தாள். கீழே வந்தது. காற்றாடி ஓய்ந்தது. பலகை அணைந்தது. ஷெட் முழுவதும் மழை இருட்டு.

நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாள் அல்லவா?

“சார்?”

மேலே கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையில் நீல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவர் நின்றிருந்தார். கண்ணாடியைத் தொட்டபடி. அசையவில்லை.

“சார்.”

ஒவ்வொரு படியாக ஏறினாள். வாசனை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே அனல் இல்லை. மழைக் குளிர்தான்.

சாம்பல் நிறம். நெற்றி, மூக்கு, உதடு, கழுத்து, சட்டைக் காலர், கழனிச் சேறு ஒட்டிய கால். எல்லாம் ஒரே சாம்பல். ஒரு பிசிறு இல்லை, ஒரு திட்டு இல்லை. பளபளப்பு. திரையின் வெளிச்சம் அவர் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போனது. சட்டையும் தோலும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. வாய் பாதி திறந்தபடி அடைபட்டிருந்தது.

விரலை நீட்டினாள். கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. நகத்தால் தட்டியபோது தகடு போலச் சத்தம் வந்தது.

“நான் எடுக்க மாட்டேன்னு சொன்னேன்,” என்றாள். குரல் உடைந்தது. உடைந்தாலும் சொன்னாள். “தொடாதீங்கன்னும் சொன்னேன்.”

வெளியே மழைக்கு நடுவே பாதுகாப்பு அலுவலக ஜீப்பின் ஹாரன் ஒரு முறை கேட்டது. சாலமோன் கேட்டைத் திறக்கும் சத்தம். யாரோ வந்துவிட்டார்கள். வரட்டும். அவள் ஓடப் போவதில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

கண்ணீர் நின்ற இடத்தில் மட்டும் பவுடர் பிடித்திருக்கவில்லை. கண்கள் இரண்டும் பூச்சு ஏறாமல் அப்படியே இருந்தன. வெள்ளையாக, நரம்பு சிவந்து, தண்ணீர் கட்டிக்கொண்டு. மேல் இமையும் கீழ் இமையும் உருகி இறுகிவிட்டதால் அவற்றை மூட முடியவில்லை. அவை உயிரோடு, அதே கெஞ்சலோடு அவளைப் பார்த்தன. பிறகு கீபோர்டைப் பார்த்தன. மறுபடி அவளை. மறுபடி கீபோர்டை.